ஏரிக்கரைச் சாலைகளும் ஓர் ஆய்வகமும்

சென்னையின் மேற்குப் புறநகரில் சாலைப் பொருள் ஆய்வு என்பது, பல்கலைக்கழகப் பாடத்திட்டம் அதை எவ்வாறு வகுத்திருந்தாலும், நடைமுறையில் அடியில் கிடக்கும் களிமண், நடுவில் பரப்பப்படும் கருங்கல் ஜல்லி, மேலே விரிக்கப்படும் தார்க் கலவை ஆகிய மூன்றைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. நான்காவதாக நீர் இருக்கிறது. எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் அதற்கென ஒரு வரி இருப்பதில்லை என்பதால் ஆய்வு மாணவர்களும் அதைக் கடைசியில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளும் அவற்றின் கலங்கல்களும் வாய்க்கால்களும் நிறைந்த நிலத்தின் மேல்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புகளும் எழுந்தன. வாய்க்கால்கள் தூர்ந்து மனைகளான பின்னும் அவ்வழியே நீர் வந்துகொண்டிருக்கிறது என்பதை 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் ஊருக்கெல்லாம் காட்டின.

இப்பகுதியின் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இக்கட்டுரையாளர் வேலைக்குச் சேர்ந்த 1990களின் தொடக்கத்தில், உட்சாலைப் பணிகளுக்குத் தார் டிரம்களில் வந்து இறங்கியது. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் அடியில் எஞ்சும் பொருளுக்கு நிலக்கீல் என்பதே சரியான பெயர், தார் என்பது நிலக்கரியிலிருந்து எடுக்கப்படும் வேறு பொருள் என்று வகுப்பறையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் ஆசிரியர்களும் தார் என்றே சொன்னார்கள். இக்கட்டுரையும் அவ்வாறே சொல்கிறது. சாலையோரத்தில் விறகு மூட்டிய பாய்லரில் அது கொதித்தது. காலில் சாக்குத் துணி சுற்றிய தொழிலாளர்கள் வாளியில் முகந்து ஊற்றினார்கள். வெப்பமானி எங்கும் கண்ணில் படாது, மேலெழும் புகையின் நிறத்தைப் பார்த்து மேஸ்திரி நெருப்பைக் குறைக்கச் சொல்வார். அளவுக்கு மீறிச் சூடேறிய தார் தன் எண்ணெய்ப் பசையை இழந்து, ஆறியபின் கண்ணாடிபோல் உடையும் என்பதை வேதியியல் படிக்காமலே அறிந்திருந்த அந்த மேஸ்திரிகளிடமிருந்து ஆய்வகத்தார் கற்றுக்கொண்டது, அவர்களுக்குக் கற்பித்ததைவிட அதிகம்.

அக்காலத்தில் தாரின் தரத்தை ஊசி ஊடுருவல் சோதனை ஒன்றே தீர்மானித்தது. 25 பாகை செல்சியஸில் வைத்த தாரின் மேல் 100 கிராம் எடையுள்ள ஊசியை ஐந்து நொடி விட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்பதை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். 80 முதல் 100 வரை இறங்கினால் அது 80/100 தார். ஆனால் சென்னையில் மே மாதப் பிற்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டுகிறது. 25 பாகையில் ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு தார் மாதிரிகளில் ஒன்று கோடையில் சக்கரத் தடத்தில் குழைந்து பள்ளமாவதையும் மற்றொன்று அப்படியே நிற்பதையும் தொழிற்பேட்டைச் சாலைகளில் கண்கூடாகப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சோதனையின் போதாமை வெகுகாலமாகவே தெரிந்திருந்தது. 2006இல் இந்தியத் தரநிலை மாற்றப்பட்டு, 60 பாகையில் தாரின் பாகுநிலை, அதாவது ஓடாமல் இழுத்துப் பிடிக்கும் தன்மை, எவ்வளவு என்பதைக்கொண்டு விஜி-10, விஜி-30, விஜி-40 எனத் தரம் பிரிக்கும் முறை வந்தது. கருவி வாங்கப் பணமில்லாத கல்லூரிகளில் மாணவர்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஊசியையே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

களிமண்ணின் கதை இதைவிட நீளமானது. சாலையின் அடித்தளம் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய, 1920களின் இறுதியில் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் உருவான சிபிஆர் சோதனைதான் இன்றும் பயன்படுகிறது. அச்சில் இறுக்கிய மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை அதற்குள் மெல்ல அழுத்தி, நல்ல உடைகல்லோடு ஒப்பிடும்போது அது எத்தனை சதவீதம் எதிர்த்து நிற்கிறது என்று கணக்கிடுவது அதன் முறை. பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்துக் களிமண் ஊறாத நிலையில் எட்டு, பத்து என்று காட்டிவிட்டு, ஊறிய பின் இரண்டு, மூன்றுக்கு இறங்கிவிடும். கோடையில் கையெழுத்தாக வேண்டிய மதிப்பீட்டுக்காக ஓர் அலுவலகத்திலிருந்து வந்தவர், நான்கு நாள் காத்திருக்க முடியாது, ஊறாத மதிப்பையே எழுதித் தந்துவிடுங்கள் என்று கேட்டதும், ஆய்வகத் தலைவர் மறுத்ததும், அச்சாலைக்கான சோதனை வேறோர் இடத்திற்குப் போய்விட்டதும் நடந்தவை. அப்படிப் போன மாதிரிகள் அது ஒன்றோடு நிற்கவில்லை.

அதே களிமண்ணைத் திருத்தும் முயற்சியில் இக்கட்டுரையாளர் இடம்பெற்ற குழு தானே ஒரு தவறும் செய்தது. மண் எவ்வளவு வீங்கும் என்பதைக் காண, பத்துப் பத்து கிராமாக இரு கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைப்பது எளிய முறை. மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது என்பதால் இரண்டின் உயர வேறுபாடே அதன் வீக்கம். சுண்ணாம்பு சேர்த்ததும் வீக்கம் பெருமளவு தணிந்தது, சிபிஆர் மதிப்பு பல மடங்கு உயர்ந்தது, ஒரு கட்டுரையும் வெளியானது. பூந்தமல்லிக்கு அருகே ஓர் உட்சாலையில் நூறு மீட்டருக்கு அதைச் செய்து பார்த்தபோது, முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே சாலை அலையலையாக மடிந்தது. ஆய்வகத்தில் மண்ணை உலர்த்தி, மரச்சுத்தியலால் பொடித்து, சல்லடையில் சலித்துச் சுண்ணாம்பைக் கலந்திருந்தார்கள். களத்தில் தேங்காய் அளவுக் கட்டிகளின் மேல் சுண்ணாம்பு வெள்ளையடித்ததுபோல் படிந்ததே தவிர உள்ளே போகவில்லை. அடுத்த முறை, அப்பகுதியில் இன்னும் நெல் பயிரிட்டுவந்த ஒருவரின் டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் வாடகைக்கு எடுத்து மண்ணை மூன்று முறை உழுது பொடித்த பிறகே சுண்ணாம்பு இறங்கியது, அந்தத் துண்டு நின்றது. கலக்கும் கருவியைப் பற்றி முதல் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஜல்லியைப் பொறுத்தவரை, சென்னைச் சாலைகளில் பெரும்பகுதி பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் குன்றுகளின் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் புவியியலாளர் ஹாலண்ட் இதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஓர் அதிகாரியின் பெயர் சென்னைத் தெருக்களின் அடியில் கிடப்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உறுதியில் குறையில்லாத இத்தகைய பாறைகளுக்கு ஒரு குணம் உண்டு: சிலிக்கா மிகுந்த பரப்பு தாரைவிட நீரையே எளிதில் பற்றிக்கொள்கிறது. மழைநீர் விரிசல் வழியே இறங்கித் தாருக்கும் கல்லுக்கும் இடையில் புகுந்துவிட்டால், லாரிச் சக்கரத்தின் ஒவ்வோர் அழுத்தத்திலும் அது உள்ளேயே அலைந்து தாரை உரித்தெடுக்கும். காலையில் பார்த்தால் கல் கழுவி வைத்ததுபோல் தனியே கிடக்கும். ஆவடிப் பக்கம் ஒரு மழைக்காலப் பள்ளத்தில் நின்றபடி ஒரு மேஸ்திரி, "கல்லு எண்ணெய் தேச்சுக்கல சார், தண்ணிதான் குடிச்சிருக்கு" என்றார். தார் பூசிய ஜல்லியை 40 பாகை நீரில் ஒரு நாள் ஊறவைத்து, எத்தனை சதவீதப் பரப்பில் தார் எஞ்சியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடும் சோதனையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. கலவையில் இரண்டு சதவீதம் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தாலே இந்த உரிதல் பெரிதும் குறையும் என்பது பழைய செய்தி. அது மலிவானது என்பதாலோ என்னவோ, அதைப் பற்றி ஆராய எவரும் அதிக ஆர்வம் காட்டவில்லை.

தமிழ்நாட்டில் சாலைப் பொருள் ஆய்வைப் பொதுமக்கள் அறிந்த ஒரே சமயம், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை வந்தபோதுதான். பலபடிப் பொருள்களைச் சேர்த்தால் தார் வலுப்படும் என்பது அதற்கு முன்பே உலகெங்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவற்றைச் சூடான தாருக்குள் கரைக்க விசேஷக் கலப்பான் வேண்டும், கரைத்ததைக் கிளறாமல் வைத்தால் பிரிந்தும் போகும். வாசுதேவன் வரிசையை மாற்றினார். 160 முதல் 170 பாகைக்குச் சூடேறிய ஜல்லியின் மேல் முதலில் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது அரை நிமிடத்திற்குள் உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. அதன் மேல் தார் ஊற்றப்படும்போது, நீரை விரும்பும் கல்லின் பரப்பு ஏற்கெனவே மூடப்பட்டிருக்கிறது. உலர்முறை எனப்படும் இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் ஏற்கெனவே இருந்த ஆள், ஏற்கெனவே இருந்த வெப்பத்தில், ஒரு பையைக் கூடுதலாகக் கொட்டினால் போதும். 2002இல் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் இம்முறையில் சாலை போடப்பட்டது. 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2013இல் இந்தியச் சாலைப் பேரவை வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆய்வகத்திலிருந்து ஊராட்சிச் சாலை வரை இவ்வளவு வேகமாக ஒரு பொருள் இறங்கிவந்ததற்கு, அதன் வலிமை எண்களைவிட, வேலையாளின் கைப்பழக்கத்தை அது கலைக்கவில்லை என்பதே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மேற்குப் புறநகரில் அம்முறையைக் கடைப்பிடித்தபோது எழுந்த சிக்கல்கள் எந்த வழிகாட்டியையும்விடக் கறாரானவை. பிளாஸ்டிக் ஈரச் சாக்கில், சேறோடு வந்தது. உள்ளே அலுமினியப் பூச்சுள்ள தின்பண்ட உறைகள் கலந்திருந்தன. எல்லாவற்றிலும் மோசமானவை பிளக்ஸ் பேனர்கள். தேர்தலும் திருமண விழாவும் முடிந்ததும் மலையாகக் குவியும் அவை பிவிசி பூசியவை, சூட்டில் நச்சு வாயுவை வெளிவிடுபவை, ஆகவே கலவைக்கு ஆகாதவை. அவற்றைப் பொறுக்கி எடுக்கும் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லும் வேலை எந்த ஆய்வேட்டிலும் இடம்பெறாது. அளவும் ஒரு பிரச்சினையானது. ஒரு டன் கலவையில் ஐந்து சதவீதம் தார் என்றால் ஐம்பது கிலோ. அதில் எட்டு சதவீதம் பிளாஸ்டிக் என்றால் நான்கு கிலோ. முதல் சில இரவுகளில் பிளான்ட் ஆள் கைக்கு வந்ததைக் கொட்டினார். நான்கு கிலோப் பைகளாக முன்கூட்டியே கட்டி, ஒரு தொகுதிக்கு ஒரு பை என்று வைத்த பிறகே கலவை சீரானது. ஒரு கிலோமீட்டர் ஒருவழித்தடச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகிறது என்று பெருமையாகச் சொல்லப்படும் கணக்கு உண்மையில் அந்தச் சிறு பைகளின் கூட்டுத்தொகைதான். இவ்வாறு போட்ட சாலைகளில் கல் உரிவது குறைந்தது என்பதைப் பல மழைக்காலங்கள் பார்த்தாயிற்று. அதே சமயம் வடிகால் இல்லாத தாழ்வான தெருக்களில், அடிக்களிமண் ஊறி இளகியபோது பிளாஸ்டிக் சாலையும் மற்றச் சாலையைப் போலவே உட்கார்ந்தது. மேல் நான்கு விரற்கடை கலவையிடம் அடித்தளத்தின் வேலையையும் கேட்டால் அது செய்யாது. தேய்மானத்தில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளியேறுகின்றனவா என்ற கேள்வியும் நியாயமானது, அதை ஒதுக்கிவிட முடியாது.

பழைய டயரைப் பொடித்துத் தாரில் சேர்த்த ரப்பர்த் தார் ஒரு காலத்தில் நெடுஞ்சாலைப் பணிகளில் பரவலாக வந்தது. கிளறிக்கொண்டே இருக்கும் தொட்டி இல்லாத இடங்களில் ரப்பர்த் துகள் அடியில் தங்கிவிட, சாலையின் முதல் பாதிக்கு ஒரு தாரும் பின்பாதிக்கு வேறொரு தாரும் கிடைத்தன.

இதற்கிடையே தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகி, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவர் குழுவும் ஏதாவது ஒரு கழிவைச் சாலைக்குள் புதைக்கும் திட்டத்தைக் கையில் எடுக்கத் தொடங்கியது. கரும்புச்சக்கைச் சாம்பல், தேங்காய்ச் சிரட்டை, முட்டையோடு என எதுவும் தப்பவில்லை. பத்து, இருபது, முப்பது சதவீதம் என்று மாற்றிப் பார்த்து, நடுவில் உள்ள இருபதே உகந்தது என்று முடியும் அறிக்கைகளைப் படித்துப் படித்து ஆய்வகத்தார் அலுத்துப்போனார்கள். இவற்றில் உண்மையான தேவையிலிருந்து பிறந்தவையும் உண்டு. அம்பத்தூர் வார்ப்பாலைகள் வெளியே கொட்டும் மணல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வார்ப்பு அச்சுக்காக அதில் பெண்டோனைட் என்ற களிமண்ணைச் சேர்க்கிறார்கள், அதுவோ நீர்பட்டால் பல மடங்கு வீங்கும் பொருள், இதைக் கவனிக்காமல் ஆற்றுமணலுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்திய ஒரு மாணவர் குழுவின் அச்சுகள் ஊறவைத்த தொட்டியிலேயே விரிந்து உடைந்தன, அந்த உடைவே அவ்வாண்டின் சிறந்த பாடமாக அமைந்தது. தூத்துக்குடியின் தாமிரக் கசடு வேறு விதமான பாடம். கனமான, கோணல் முனைகளுள்ள அத்துகள் தார்க் கலவையில் நன்றாகவே பொருந்தியது. பல கல்லூரிகளில் ஆய்வேடுகள் எழுதப்பட்டன. 2018 மேயில் உருக்காலை மூடப்பட்டதும் புதிய கசடு வருவது நின்றது. ஒரே ஓர் ஆலையின் புகைபோக்கியை நம்பிய பொருளுக்கு அந்த ஆய்வேடுகளால் எதுவும் செய்ய இயலவில்லை.

கலவையை வடிவமைக்கும் மார்ஷல் சோதனையில் ஓர் அச்சுக்குப் பக்கத்திற்கு 75 அடி வீதம் 150 அடி அடிக்க வேண்டும். தாரின் அளவை ஐந்து விதமாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று அச்சு என்றால் மொத்தம் 2,250 அடி. நாலரைக் கிலோ சுத்தியலைக் கையால் தூக்கித் தூக்கிப் போட்ட காலத்தில், மாலை ஐந்து மணிக்கு அடித்த அச்சுகள் காலையில் அடித்தவற்றைவிடத் தளர்வாக இருந்ததை எடைபோட்டே கண்டுபிடிக்கலாம். சாலையிலும் இதுவேதான் நிகழ்கிறது. பிளான்ட்டிலிருந்து 150 பாகைக்கு மேல் கிளம்பும் கலவை, தார்ப்பாய் மூடாத லாரியில் மதுரவாயல் நெரிசலில் நின்றுவிட்டு நள்ளிரவுக்குப் பின் வந்து சேரும்போது, ரோலர் எவ்வளவு உருண்டாலும் அது இறுகுவதில்லை. ஆய்வகத்தில் நான்கு சதவீதமாக இருந்த காற்றிடைவெளி, சாலையில் துளையிட்டு எடுத்த உருளை மாதிரியில் ஒன்பது, பத்து என்று இருந்ததுண்டு. அந்த இடைவெளிகளின் வழியாகத்தான் நீர் இறங்குகிறது. எத்தனை உயர்ந்த தாரைப் பரிந்துரைத்தாலும், தார்ப்பாயும் வெப்பமானியும் அந்த லாரியில் இல்லையென்றால் பரிந்துரை காகிதத்தோடு நின்றுவிடும்.

இத்தனை ஆண்டுகளில் புறநகர் மக்கள் நேரடியாக உணர்ந்த மாற்றம் எதுவென்றால், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய சாலை போடும் வழக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். முன்பு ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனதால், அம்பத்தூர், ஆவடியின் பழைய தெருக்களில் இரண்டு படி ஏறிப் போன வீடுகளுக்குள் மூன்று படி இறங்கிப் போக நேர்ந்தது. மழைநீரும் அவ்வழியே இறங்கியது. 2021இல் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சுரண்டாமல் மேலே போடக்கூடாது என்று கண்டிப்பாக அறிவுறுத்திய பின்னரே வழிமுறை ஓரளவு உறுதிப்பட்டது. சுரண்டி எடுத்த பொருள் குப்பையன்று. அதில் நல்ல ஜல்லியும், வெயிலில் முறுகிய தாரும் இருக்கின்றன. அந்த முறுகலைத் தணித்து மறுபடி கலவையாக்கும் முறைகளுக்கு 2015இலேயே இந்தியச் சாலைப் பேரவையின் நெறிகள் வந்துவிட்டன. இருந்தும் அதில் பெரும்பகுதி காலி மனைகளை மேடாக்கத்தான் போய்ச் சேர்கிறது. புதிய கழிவுகளைத் தேடி அலையும் மாணவர்களுக்கு, கல்லூரி வாசலுக்கு எதிரேயே குவிந்து கிடக்கும் இந்தக் கறுப்புத் துகள் ஏனோ கண்ணில் படுவதில்லை.

கழிவுநீர்க் குழாய்க்கும், மின்வடத்திற்கும், மெட்ரோ பணிக்குமாகச் சாலை வெட்டப்படுவதை இனி எவரும் தடுக்கப்போவதில்லை. வெட்டிய பள்ளத்தில் மண்ணை அடுக்கடுக்காக இறுக்காமல் மொத்தமாகத் தள்ளி, மேலே ஒரு தட்டு கலவையைப் பூசி மூடுவதால் ஏற்படும் தாழ்வு, அதன் இருபுறமும் உள்ள நல்ல சாலையையும் இழுத்துக்கொண்டு போகிறது. பள்ளத்தை நிரப்ப எது உகந்தது, எத்தனை அடுக்கில் இறுக்க வேண்டும் என்பதைப் பற்றி இப்பகுதிக் கல்லூரிகளிலிருந்து வந்த ஆய்வுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஆகவே இக்கட்டுரையாளர் இப்பகுதிப் பேராசிரியர்களிடமும் உள்ளாட்சிப் பொறியாளர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. ஒரு புதிய பொருளைக்கொண்டு ஐம்பது மீட்டர் சாலை போட்டாலும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கல் நட்டு, கலவையின் அளவையும் லாரி வந்த நேரத்தையும் வெப்பத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதி வையுங்கள். மூன்று வடகிழக்குப் பருவமழை கழித்து அதே இடத்தில் துளையிட்டுப் பாருங்கள். தோற்றிருந்தால் அதையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். இப்போது அந்தப் பழைய சோதனைச் சாலைகளைத் தேடிப் போனால், அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தெருவில் இருந்தன என்பதைச் சொல்லக்கூட ஆளில்லை.